பாலின் மேல் மிதந்த மஞ்சள்

அவர் எந்தப் பாட்டிலையும் குலுக்க மாட்டார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்து, உள்ளே இருப்பது மெல்லச் சுழலும்படி சுற்றுவார். மருந்துப் புட்டி என்றாலும் அப்படித்தான், பால் என்றாலும் அப்படித்தான். டீ டம்ளர் கைக்கு வந்தாலும் முதலில் இரண்டு சுற்று. சர்க்கரையே போடாத டீயை எதற்கு இப்படிச் சுற்றுகிறார் என்று கூட வேலை பார்க்கும் நர்ஸ்கள் கேலி செய்வார்கள்.

“கை பழகிப் போச்சு,” என்பார். “மேல இருக்கறது வேற, அடியில இருக்கறது வேற. கலக்காம ஊத்துனா பாதிதான் போவும்.”

கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையில், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிரிவில் அவர் நர்ஸ். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். எல்லாருக்கும் அவர் சிஸ்டர். பெயர் சட்டையில் குத்தியிருக்கும். அவரைக் கேட்காமல் அதை இங்கே எழுதுவது முறையில்லை.

அவரைப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. போன வாரம் என் மகளின் அறிவியல் நோட்டில் கையெழுத்துப் போடும்போது ஞாபகம் வந்தார். ‘கொழுப்பு உடலுக்குக் கெடுதல் செய்யும்’ என்று முதல் வரியில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வரியைப் பற்றி அவளுக்கும், அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது. நான் ஐ.டி.ஐ. படித்தவன். இதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த சிஸ்டர் சொன்னதுதான்.

மகள் ஓசூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஏழாம் மாதம் பிறந்தாள். எடை ஒன்றேகால் கிலோ. அவளை ஆம்புலன்சில் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார்கள். என் மனைவிக்கு ரத்த அழுத்தம் இறங்கவில்லை, அதனால் அவளை ஓசூரிலேயே வைத்துக்கொண்டார்கள். தாய் ஒரு ஊரில், பிள்ளை ஒரு ஊரில். நடுவில் நான், ஒரு பைக்கோடு.

முதல் நாள் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. சிஸ்டர் ஒரு சின்னப் புட்டியை உள்ளங்கையில் மூடி வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல் சுற்றினார். உள்ளே பால் போல வெள்ளையாக ஏதோ இருந்தது. டாக்டர் அதைக் குழாய் வழியாக நேராக நுரையீரலுக்குள் விட்டார்.

அது என்ன என்று பிறகு கேட்டேன்.

“புது பாலித்தீன் கவர் வாங்குனா வாய் ஒட்டிக்குனு இருக்கும் பாத்திருக்கீங்களா? ஊதி ஊதித் திறக்கணும். இவ நுரையீரல் அப்படி இருக்குது. உள்ள லட்சக்கணக்குல குட்டிக் குட்டிப் பை. ஒவ்வொரு தடவ மூச்சு விட்டதும் ஒட்டிக்குது. மாசம் நெறஞ்ச கொழந்தைன்னா உள்ளேயே வழுவழுன்னு ஒரு பூச்சு ஊறியிருக்கும். இவளுக்கு ஊறல. அதான் வெளியருந்து குடுத்தோம்.”

“அந்தப் பூச்சு என்ன சிஸ்டர்?”

“கொழுப்புதான்.”

அவர் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் எனக்கு அப்போது வித்தியாசமாக இருந்தது. நாம் யாரையாவது திட்டத்தான் அதை எடுப்போம். அவர் மருந்தின் பெயரைச் சொல்வது போலச் சொன்னார்.

அவருடைய வேலை முழுக்க அதைக் காப்பாற்றுவதுதான் என்று போகப் போகத் தெரிந்தது. ஒரு நாள் ஜவளகிரிப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். வழியில் வண்டியிலேயே பிறந்துவிட்டதாம். உடம்பெல்லாம் வெண்ணெய் அப்பியது போல ஒரு வெள்ளைப் பூச்சு. கூட வந்த அத்தைக்காரி முந்தானையை நனைத்து அதைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சிஸ்டர் வாசலிலேயே அவள் கையைப் பிடித்துவிட்டார்.

“ஒரெஸ்பேடி அம்மா, ஒரெஸ்பேடி.” துடைக்காதே என்று கன்னடத்தில்.

அந்த அம்மாள் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். பிள்ளை அழுக்காக இருக்கிறது என்று சொல்லியிருப்பாள். சிஸ்டர் குழந்தையை வாங்கி ஈரத்தை மட்டும் ஒற்றி எடுத்து, வெள்ளையை அப்படியே விட்டு, துணியில் சுற்றினார். என்னிடம் திரும்பி, “ஒம்போது மாசம் தண்ணிக்குள்ளயே இருந்துட்டு வருது. நாம ஒரு மணி நேரம் ஊறுனா விரல் சுருங்கிப் போவுது. இது சுருங்கலையே, ஏன்? இந்தப் பூச்சுதான். சேப்பங்கிழங்கு எலையில தண்ணி ஒட்டுமா? அந்த மாதிரி,” என்றார்.

சேப்பங்கிழங்கு இலை மேல் இருக்கும் மெழுகும் கொழுப்பின் பங்காளிதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

என் கையைப் பார்த்தும் ஒரு நாள் பிடித்துக்கொண்டார். நான் வேலை பார்ப்பது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். இரும்பு கடையும் கம்ப்யூட்டர் லேத். கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும். குழந்தையைத் தொட வேண்டுமே என்று துணி சோப்புத் தூளைப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். தோல் வெள்ளை பூத்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

“இது கையா, காஞ்ச ஏரியா?”

“சுத்தமா இருக்கணும்னுதான் சிஸ்டர்.”

“அழுக்கக் கழுவுங்க. வேணாங்கல. தோலு தனக்குன்னு வெச்சிக்குனு இருக்கற எண்ணெயையும் சேத்துக் கழுவிட்டீங்க. இப்ப இந்த வெடிப்புல கிருமி போயி சொகமா உக்காந்துக்கும். இங்க இருக்கற சோப்புல கழுவிட்டு உள்ள வாங்க. வீட்டுக்குப் போயித் தேங்காயெண்ணெய் வைங்க.”

“ஓசூர் குளுருக்குத் தேங்காயெண்ணெய் கல்லாட்டம் கெடக்கு சிஸ்டர்.”

“கெடந்தா வெயில்ல வைங்க. அதையும் நான் வந்து உருக்கணுமா?”

நான்காம் நாளிலிருந்து என் மனைவிக்குப் பால் நன்றாக வந்தது. அவள் பம்ப் வைத்துப் பீய்ச்சி, சின்னப் பாட்டில்களில் ஊற்றி, நர்சிங் ஹோம் ஃபிரிட்ஜில் வைப்பாள். காலையில் நான் அதைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துக்கொள்வேன். பெட்டியை நெஞ்சோடு துண்டால் கட்டி, அலுங்காமல் பைக் ஓட்டுவேன். சூளகிரி தாண்டி குருபரப்பள்ளியில் ஒரு டீக்கடையில் நிற்பேன். ஐஸ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். மீண்டும் கிளம்பினால் எட்டரைக்குள் கிருஷ்ணகிரி. சிஸ்டர் பாலை வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, சுற்றி, ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து, மூக்குக் குழாய் வழியாக மகளுக்குச் சொட்டுச் சொட்டாக விடுவார்.

தினமும் காலையில் எடை பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் ஏறவில்லை. ஆறாம் நாள் ஏறவில்லை. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தைக்கு ஏறியது. அதற்கடுத்த குழந்தைக்கும் ஏறியது. எட்டாம் நாளும் என் மகள் பிறந்த எடைக்குக் கீழேயே நின்றாள். மூக்குக் குழாயைவிட அவள் விரல் ஒல்லியாகத் தெரிந்தது.

சாயங்காலம் மனைவி போனில் கேட்பாள்.

“ஏறுச்சா?”

“ஏறல.”

முதல் இரண்டு நாள் பால் ஊறச் சுறாப்புட்டு செய்யச் சொன்னாள், பூண்டு வேக வைக்கச் சொன்னாள். பிறகு பேச்சு குறைந்தது. எட்டாம் நாள் சொன்னாள்: “எம் பாலு வெறுந் தண்ணிங்க. அதுல ஒண்ணுமில்ல. அவளுக்குப் பவுடர் பாலே வாங்கிக் குடுத்துருங்க. நான் எதுக்கு ராவும் பகலும் இத வச்சுப் பீச்சிக்கிட்டு.”

அன்றைக்கு எப்போதும் நான்கு இருக்கும் பாட்டில் இரண்டுதான் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை டாக்டர் எடைத்தாளைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் பார்ப்போம், ஏறாவிட்டால் பவுடர் பால்தான், அது இவ்வளவு சின்னக் குடலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதும் சந்தேகம் என்று சொல்லிவிட்டுப் போனார். சிஸ்டர் நான் கொண்டுவந்த பாட்டிலைச் சுற்றினார். வெளிச்சத்தில் பிடித்து, பாட்டிலின் உள்பக்கத்தைப் பார்த்தார். மீண்டும் சுற்றினார்.

“இதுல தண்ணி சேத்தீங்களா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எம் பிள்ளைக்கு நானே தண்ணி ஊத்துவேனா சிஸ்டர்? என்ன பேச்சு இது?”

அவர் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தார். பக்கத்துக் குழந்தையின் தாய் அங்கேயே பீய்ச்சி வைத்திருந்த பாலில் ஒரு சொட்டு ஒரு மூலையில் வைத்தார். என் பாட்டிலில் ஒரு சொட்டு இன்னொரு மூலையில். தாளை ஜன்னலோரம் வைத்துவிட்டு வேறு குழந்தைகளைப் பார்க்கப் போனார். காய்ந்த பிறகு எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் எப்படி இருக்கும்? அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரியும். பக்கத்துக் குழந்தையின் சொட்டு லேசாக அப்படித் தெரிந்தது. என்னுடையது காகிதம் நனைந்து காய்ந்த சுருக்கம் மட்டும். அவர் என் பாட்டிலை எடுத்து மறுபடி சுற்றிக்கொண்டே சொன்னார்.

“மத்தவங்க பாலு பாட்டில்ல ஒட்டிக்குனு மெதுவா எறங்குது. உங்களுது வழுக்கிக்குனு ஓடுது. இதுல கொழுப்பே இல்ல. எந்தத் தாய்ப்பாலும் இப்படி இருக்காது. எங்கியோ போயிருக்குது. எங்கன்னு தெரியணும் எனக்கு.”

நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். “மேல மெதக்குற அழுக்க எடுத்துட்டுத்தான் குடுக்குறேன் சிஸ்டர்.”

அவர் கையில் இருந்த பாட்டில் சுற்றுவது நின்றது. அந்தக் கை நின்று நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

“என்னா அழுக்கு?”

“மஞ்சளா மேல ஏடு கட்டி நிக்குமில்ல? ராத்திரி எடுத்து வச்ச பாலு, கெட்டுப் போயிருக்கும்னு. குருபரப்பள்ளியில டீக்கடையில சுடுதண்ணி வாங்கி, ஸ்பூனக் கழுவி, வழிச்சு எடுத்துடுவேன்.”

“எத்தன நாளா?”

“அஞ்சு நாளா.”

“டீக்கடையில வெச்சு. பாட்டிலத் தெறந்து.”

“சுடுதண்ணியில கழுவித்தான்…”

“பேசாதீங்க கொஞ்ச நேரம்.”

நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் கூடத் தினமும் கிண்டல் செய்வார்: “சுடுதண்ணி மட்டும் குடிக்கற கிராக்கி வந்துட்டாரு” என்று. அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

“என்னா வேல பாக்கறீங்க நீங்க?” என்றார்.

சொன்னேன். லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஒரு திரவம் ஓடும். கூலண்ட் என்போம். தண்ணீரும் எண்ணெயும் கலந்து பால் போல வெள்ளையாக இருக்கும். மிஷினுக்குப் போடும் வேறு எண்ணெய் கசிந்து வந்து அதன் மேல் மஞ்சளாக மிதக்கும். அதை எடுக்காமல் விட்டால் தொட்டி நாறிவிடும், கைக்குச் சொறி வரும். தினம் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது அந்த மஞ்சளை வழித்து எடுப்பதுதான் என் முதல் வேலை. எங்கள் வரிசையில் என் தொட்டிதான் சுத்தமான தொட்டி. பால் பாட்டிலைத் திறந்து வெள்ளைக்கு மேல் மஞ்சளைப் பார்த்ததும், யோசிப்பதற்கு முன்னால் கை போய்விட்டது.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தொப்பிக்குள் கையை விட்டு இரண்டு கொண்டை ஊசிகளை உருவி எடைத்தாளின் மேல் வைத்தார்.

“இது ஒரு கொழுப்புன்னு வெச்சிக்குங்க. இந்த வளைவு தலை. தண்ணிய விரும்பும். இந்த ரெண்டு காலும் தண்ணியக் கண்டா ஓடும். இப்ப சுத்தியும் தண்ணியா இருந்தா இதுங்க என்னா செய்யும்?” ஊசிகளைக் காலோடு கால் ஒட்டும்படி எதிரெதிரே வைத்தார். “தலை ரெண்டும் வெளிய, காலெல்லாம் உள்ள. இப்படியே வரிசையா லட்சம் ஊசி நின்னா அது ஒரு சுவரு. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் இந்தச் சுவருதான் தோலு. இது இல்லேன்னா உள்ள இருக்கறது உள்ள நிக்காது.”

ஒரு ஊசியின் காலை விரலால் லேசாக வளைத்தார். “காலு நேரா இருக்கறது நெருக்கமா அடுக்கும், கெட்டியாயிடும். உங்க ஓசூர் தேங்காயெண்ணெய். வளைஞ்சது அடுக்காது, ஓடிக்குனே இருக்கும். கடலையெண்ணெய் மாதிரி. சுவருக்கு ரெண்டும் வேணும்.”

பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த என் மகளைக் காட்டினார். “இவளுக்குத் தோலுக்கடியில கொழுப்பு இல்ல, அதனாலதான் இந்தச் சூட்டுப் பெட்டி. வளர்றதுக்குப் பாதி பலம் அதுலதான் இருக்குது. மூளையில தண்ணிய விட்டா மீதி பெரும்பாலும் அதான். நரம்பு மேல ஒறையா சுத்தறதும் அதான், கரண்ட் ஒயர் மேல பிளாஸ்டிக் இருக்கறாப்ல. கண்ணுக்கு வேணுங்கற வைட்டமினு கூட அதுல கரைஞ்சுதான் உள்ள போவும். உங்க மிஷினுக்கு அது அழுக்கு. இவளுக்கு அதான் எல்லாம்.”

என்னால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்து நாள் அவள் பசியோடு கிடந்ததற்கு நான் காரணம் என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

“சிஸ்டர், எங்க வீட்ல சொல்லிடாதீங்க.”

“டாக்டருகிட்ட நான் சொல்லித்தான் ஆவணும். உங்க வீட்ல நீங்க சொல்லுங்க.”

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன பெறகு சொல்றேன். இப்ப அவளுக்கு பிரஷர் வேற.”

“நாளைல இருந்து எடுக்காம குடுத்தா எட தானா ஏறிடும், சொல்லவே வேணாம்னு பாக்கறீங்க.”

அதைத்தான் நினைத்தேன்.

“நேத்து எத்தன பாட்டில் வந்துது?”

“ரெண்டு.”

“முந்தா நாளு?”

“நாலு.”

“தன் பாலு தண்ணின்னு நெனைக்கறவ பீச்ச மாட்டா. பீச்சலேன்னா நாலே நாள்ல வத்திடும். அப்புறம் நீங்க எதக் கொண்டாந்து ஊத்துவீங்க? பிரஷர நான் பாத்துக்கச் சொல்றேன் அங்க. இப்பவே பேசுங்க.”

வராந்தாவுக்கு வந்து போன் போட்டேன். அவர் கதவருகே நின்றார். என்ன வரிசையில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. லேத், தொட்டி, குருபரப்பள்ளி, ஸ்பூன் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அப்ப எம் பால்ல சத்து இருந்துச்சா?” என்றாள்.

“இருந்துச்சு. நாந்தான் எடுத்துக் கொட்டிட்டேன்.”

“எம்புட்டு இருந்துச்சு?”

“பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன்.”

“நெறையவா, தல தட்டியா?”

“நெறைய. வழிஞ்சு ஓடும்.”

“ஒரு ஸ்பூனு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, “இருங்க, போன வச்சுருங்க. பம்ப எடுத்துட்டு வரச் சொல்லணும். நீங்க கெளம்பி வாங்க,” என்றாள்.

சிஸ்டர் கேட்டார். “என்னா சொன்னாங்க?”

“பீச்சுறாளாம். வந்து வாங்கிட்டுப் போகச் சொல்றா.”

“சரி,” என்றார். காலிப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி, மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்து, என் கையில் கொடுத்தார்.

“வரும்போது வழியில எங்கியும் நிக்காதீங்க.”